திறந்துவிட்டதாகச் சொன்ன பூட்டு

எங்கள் வீட்டு முன்கதவில் கைப்பிடிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு அடித்திருக்கிறது. கதவு தேக்கு. துண்டு ஏதோ பெட்டிப் பலகை. பிறகு வந்து ஒழுங்காகச் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ஆசாரியை நான் திரும்பக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து என்னவென்று கேட்கிறார்கள். அங்கே ஒரு ஸ்மார்ட் லாக் இருந்தது, கழற்றிவிட்டோம் என்பேன். அதற்கு மேல் பேச எனக்கு அருவருப்பு. அந்த அருவருப்பு பூட்டின் மேல் மட்டும் என்றால் இதை எழுத வேண்டியதே இல்லை.

மகளுக்குப் பதின்மூன்று வயது. சின்னதிலிருந்தே இளைப்பு உண்டு; மூச்சு முட்டினால் வாயில் வைத்து அடிக்கிற பம்ப் எப்போதும் கூடவே இருக்கும். தூத்துக்குடிக் காற்றில் உப்பு இருக்கிறது, கரித்தூள் இருக்கிறது. மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சீருடையைச் சாயங்காலம் எடுத்தால் விரல் தடம் பதியும். கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் இருக்கிறார். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. நான் துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் சுங்கத்துக்கான தாள்கள் தயாரிக்கிறேன். மகள் நாலு மணிக்குப் பள்ளி வேனில் வந்து இறங்குவாள். நான் வீடு வந்து சேர ஆறரை ஆகும். அந்த இரண்டரை மணி நேரத்தில் அவளுக்கு மூச்சு முட்டினால் யார் போய்ச் சேருவார்கள் என்பதுதான் எத்தனையோ வருடமாக என் ஒரே பயம்.

சாவியை அவள் இரண்டு தடவை தொலைத்தாள். இரண்டாம் தடவை, நான் வரும்வரை வாசல்படியில் காற்றுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் வந்தபோது நெஞ்சில் விசில் கேட்டது. அன்றைக்கே கப்பலிலிருந்து கணவர் சொன்னார்.

"ஏளா, சாவியே வேண்டாம். ஒரு பூட்டு இருக்கு, வெரலு வச்சாப் போதும். அவ வெரலத் தொலைக்க மாட்டாள்லா? அவசரம்னா நான் இங்கன இருந்தே தொறந்து விடுதேன்."

கடையில் விற்பனைப் பையன் நான்கு பூட்டுகளை ஒரு போலிக் கதவில் மாட்டி வைத்திருந்தான். விரலை வைத்தான், திறந்தது. நம்பரை அமுக்கினான், திறந்தது. போனில் தட்டினான், திறந்தது. நான் விவரமானவள் என்று காட்டிக்கொள்ளக் கேள்விகள் கேட்டேன். கரண்ட் போனால்? பேட்டரியில் ஓடும் மேடம். பேட்டரி தீர்ந்தால்? வெளியிலிருந்து பவர் பேங்க் கொடுக்கலாம். யாராவது ரேகையைத் திருடினால்? அதெல்லாம் முடியாது மேடம். பேட்டரியும் தீர்ந்து பவர் பேங்கும் இல்லாவிட்டால்? சாதாரணச் சாவி இரண்டு வருகிறது, பாருங்கள் என்று காட்டினான். விலை குறைந்ததில் ஆப் கிடையாது. விலை கூடியதில் எல்லாம் இருந்தது. வசதி, நம்பகம் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிறது என்று நினைத்துக் கூடியதையே வாங்கினேன்.

அன்று நான் கேட்ட கேள்வி எல்லாம் கதவுக்கு வெளியே நிற்கிறவர்களைப் பற்றியது. உள்ளே இருக்கிற பிள்ளை வெளியே வர வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் அந்தக் கடை வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். உள்ளே ஏசி போட்டு, பூங்கொத்து வைத்து, எனக்கு ஏலக்காய் டீ கொடுத்தார்கள்.

அடுத்த லீவில் கணவர் வந்து பூட்டை மாட்டினார். திரும்பக் கப்பலுக்குப் போகும்போது இரண்டு சாவிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டார். அது அவர்கள் குடும்பத்துப் பழக்கம். அவருடைய அப்பா தோணியில் கொழும்புக்குப் போன காலத்திலிருந்தே, கடலுக்குப் போகிற ஆள் வீட்டுச் சாவி ஒன்றைத் தன்னோடு கொண்டுபோவார். திரும்பி வந்து தானே கதவைத் திறப்பேன் என்பதற்கு அது அடையாளம். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அவர் பெட்டியில் துணிக்கு முன்னால் சாவிதான் போகும். எனக்கும் அது பிடித்திருந்தது. மற்றச் சாவியை நான் மாடி அலமாரியில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். அலமாரிச் சாவி என் கைப்பையில். எல்லாம் பத்திரம்.

எங்கள் வீட்டில் ஆறு வருடமாகப் பாத்திரம் கழுவி, வீடு துடைக்க ஒரு அக்கா வருகிறார். அதற்கு முன் இருபது வருடம் தருவைகுளம் ரோட்டு உப்பளத்தில் உப்புச் சுமந்தவர். அவரிடம் பழைய பூட்டின் சாவி ஒன்று எப்போதும் இருந்தது. பதினொரு மணிக்கு வந்து, வேலையை முடித்துப் பூட்டிவிட்டுப் போவார். புதுப் பூட்டில் அவர் விரலைப் பதிய வைக்கக் கணவர் அரைமணி நேரம் போராடினார். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. பூட்டுக்குள் ஒரு பெண் குரல் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அது மிக இனிமையாக, "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது.

"என்ன சொல்லுதா அவ?" என்று அக்கா கேட்டார்.

"திரும்ப வைக்கச் சொல்லுதா."

"வெரல்ல என்ன இருக்கு வைக்கதுக்கு? உப்புத் தண்ணி எல்லாத்தையும் தின்னுட்டுல்லா," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வழுவழுவென்று இருந்தது, தேய்ந்த சோப்பு மாதிரி. "ரேசன் கடையிலயும் இதே கூத்துதான். நான் நான் இல்லைன்னு மிசினு சொல்லும்."

சிரித்தோம். அவருக்கு ஆறு இலக்க நம்பர் ஒன்றைக் கொடுத்தார் கணவர். பழைய சாவியை அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

யார் எப்போது கதவைத் திறந்தார்கள் என்று அந்த ஆப்பில் வரிசையாக வரும். நானும் பார்ப்பேன். மகள் நாலு பத்துக்குத் திறந்தாள் என்று வந்தால் நெஞ்சு ஆறும். கணவர் கடலின் நடுவில் இருந்துகொண்டு வேலை முடிந்த நேரத்தில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார் போல. ஒருநாள் செய்தி அனுப்பினார். அக்கா பதினொன்று பத்துக்கு வந்து ஒன்று ஐந்துக்குப் போயிருக்கிறார், வழக்கமாகப் பன்னிரண்டரைக்கு முடியும், அந்த முப்பத்தைந்து நிமிடம் என்ன?

அதை நான் அவரோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன்; ஏதோ பேச்சுவாக்கில் போல அக்காவிடம் கேட்டேன். "நேத்து வேலை கொஞ்சம் கூடவோ?"

அவர் துடைப்பத்தை நிறுத்தினார். "மிசினு சொல்லுச்சாக்கும்."

"இல்லக்கா, சும்மாதான்."

"மழை தூத்துச்சு. மாடித் துணிய எடுத்து மடிச்சு வச்சேன். அலமாரில வைக்கலாம்னு பாத்தேன், பூட்டியிருந்துச்சு. கட்டிலு மேல வச்சிட்டுப் போனேன்." பிறகு, சத்தத்தை உயர்த்தாமல் சொன்னார்: "இனி வீட்டுல ஆளு இருக்கயில வாரேன் யம்மா. பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்தப்புறம் அஞ்சு மணிக்கு வாரேன். உங்க மிசினுக்கும் வேலை மிச்சம்."

அன்றிலிருந்து ஐந்து மணிக்குத்தான் வந்தார். அந்தத் துணிகளைக் கட்டிலில் நான் முந்தின நாளே பார்த்திருந்தேன். மடிப்பு கலையாமல் இருந்தன. பார்த்துவிட்டும் கேட்டேன். வேறு யாராவது இப்படிக் கேட்டதாகச் சொன்னால் முகம் சுளித்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் பூட்டு என்றால் எண்ணெய் விடுவோம். விடாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் உப்புக் காற்று அதை இறுக்கிவிடும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை சனிக்கிழமை கோழியிறகில் தேங்காய் எண்ணெய் தொட்டு, இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் கலந்து, எல்லாத் தாழ்ப்பாளுக்கும் பூட்டுக்கும் விடுவேன். ஸ்மார்ட் லாக்குக்கும் விட்டேன். சாவித் துளையிலும், பூட்டின் நாக்கு வெளியே வருகிற இடுக்கிலும், உள்பக்கத் திருகு சுற்றுகிற இடத்திலும். விலை கூடிய பூட்டு என்பதால் கொஞ்சம் தாராளமாகவே. கூட வந்த புத்தகத்தை நான் படிக்கவில்லை.

அது ஆடிக் காற்று அடிக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை. நாலு நாற்பதுக்கு மகள் கூப்பிட்டாள்.

"அம்மா. பம்ப் அடிச்சேன். சரியாகல."

ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு இழுப்பு. இன்னொரு தடவை அடி, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார், வந்துவிட்டேன் என்றேன். ஸ்கூட்டரை எடுத்தேன். பாதி வழியில் மறுபடி கூப்பிட்டாள். "திருக முடியல. கதவு. வரல."

அவளை உள்ளே விட்ட பூட்டு, தானாக நாக்கை நீட்டிப் பூட்டிக்கொண்டு, அப்படியே நின்றுபோயிருந்தது. நான் போய் விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே கிர்ரென்று ஏதோ சுற்றி, பாதியில் நின்றது. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." நம்பரை அமுக்கினேன். அதே குரல். கதவுக்கு அந்தப் பக்கம், இடுப்பு உயரத்தில், அவள் மூச்சு கேட்டது. கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பின்கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினேன், அவளால் எழ முடியவில்லை.

கணவரைக் கூப்பிட்டேன். கப்பல் மத்தியதரைக் கடலில் எங்கோ இருந்தது. இப்போதெல்லாம் கப்பலில் நெட் நன்றாகக் கிடைக்கிறது. உடனே எடுத்தார்.

"இரு, அமுக்கிட்டேன். தொறந்துட்டு, போ."

"திறக்கலங்க."

"ஏளா, ஓப்பன்னு காட்டுதே. பச்சையா காட்டுது."

"கதவு முன்னால நான் நிக்கேன். திறக்கல."

"நீ தள்ளிப் பாரு. ஒருக்கா இழுத்துட்டுத் தள்ளு. எனக்கு இங்க ஓப்பன்னுதான் வருது."

தள்ளிக்கொண்டேதான் இருந்தேன். தோளால் இடித்துக்கொண்டும் இருந்தேன். எஞ்சின் அறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர், ஒரு கருவி பொய் சொல்லும் என்று நன்றாகவே தெரிந்தவர், என்னை நம்பாமல் போனை நம்பினார். அவர் பதறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கையில் பச்சை எரிகிறபோது அவருக்கு அதுதான் கதவு.

"சாவியப் போடு," என்றார். ஒரு சாவி அவர் பெட்டியில், கடலில். இன்னொன்று மாடியில், பூட்டிய அலமாரியில். அலமாரிச் சாவியை ஜன்னல் வழியே உள்ளே போட்டிருக்கலாம். அவள் எழுந்து, மாடிக்குப் போய், திறந்து, எடுத்து வர வேண்டும். மாடி ஏறுகிற மூச்சு இல்லை அது.

பூட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றது இசைக்கு நடுவில் ஒரு குரல். அப்புறம் ஒரு பெண் வந்தாள். "மேம், உங்க லாக் ஆன்லைன்லதான் இருக்கு. ஸ்டேட்டஸ் ஓப்பன்னு காட்டுது."

"உள்ள என் பிள்ளை மூச்சு விட முடியாம இருக்கா."

"புரியுது மேம். ஒரு டிக்கெட் ரைஸ் பண்ணட்டுமா?"

போனைக் கீழே வைத்துவிட்டுக் கதவைக் கையால் அறைந்துகொண்டிருந்தேன். அப்போது அக்கா வந்தார். ஐந்து மணி. வாசலில் நின்று என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குனிந்து மூச்சுச் சத்தத்தைக் கேட்டார்.

"பிள்ளையா உள்ள?"

தலையசைத்தேன்.

"அங்கன நின்னு தட்டிட்டு இருந்தா அவ வந்து தொறப்பாளா? பின்னால வாங்க."

பின்பக்கம் சமையலறை ஜன்னல். கம்பிக்கு வருடா வருடம் பச்சைப் பெயிண்ட் அடிப்போம். அக்கா சுவரில் ஒரு காலை ஊன்றி, கீழ்க்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பெயிண்ட் பொரிந்து துருத்தூள் கொட்டியது. மூன்றாவது இழுப்பில் கம்பி அடியோடு கையில் வந்தது, சுட்ட அப்பளம் உடைகிற மாதிரி. அடுத்தது அதைவிட எளிதாக.

"போன வருசமே சொன்னேன்லா, பெயிண்டுதான் இதப் புடிச்சிட்டு நிக்குன்னு. பெயிண்டுக்கு மேல பெயிண்டு அடிச்சீங்க," என்றார் மூச்சிரைக்க. அந்த இடைவெளியில் தலையை விட்டு, தோளை விட்டு, உள்ளே இறங்கினார். அவர் முழங்கையில் தோல் உரிந்தது. பின்கதவின் சாதாரணத் தாழ்ப்பாளை விலக்கும் சத்தம் கேட்டது.

மகளின் உதடு நாவல்பழம் தின்றது மாதிரி இருந்தது. நான் தூக்க முயன்றேன், முடியவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டார்கள். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். இவ்வளவு நேரம் ஏன் என்று கேட்டார். கதவு திறக்கவில்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மகள் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள், பின்கதவு வழியாக.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். கோயம்புத்தூர்க்காரன். பூட்டைக் கழற்றித் திறந்து, உள்ளே விரலை விட்டு எடுத்தான். விரல் நுனியில் கண்மை போலக் கறுப்பாக ஒரு பசை.

"யாரு மேடம் இதுல ஆயில் விட்டது?"

"நான்தான்."

"லாக்குக்கு யாராச்சும் ஆயில் விடுவாங்களா?"

"இந்த ஊர்ல விடாத ஆளைக் காட்டுங்க தம்பி."

எண்ணெயில் உப்பும் கரித்தூளும் ஒட்டிப் பல்சக்கரம் இறுகிவிட்டது என்று விளக்கினான். மோட்டார் சுற்ற முயன்றிருக்கிறது, சுற்றிவிட்டதாகவே ஆப்புக்குச் சொல்லியிருக்கிறது, நாக்கு மட்டும் நகரவில்லை. உள்பக்கத் திருகும் அதே சக்கரத்தைத்தான் சுற்ற வேண்டும். பிறகு புத்தகத்தைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். எண்ணெய் விடக் கூடாது. அதற்குக் கீழே, இன்னும் சின்ன எழுத்தில்: கடலோரப் பகுதிகளில் பொருத்தினால் வாரண்டி கிடையாது.

"இத இங்கதான் வித்தாங்க. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர்ல கடை," என்றேன்.

"அது டீலர் பாக்கணும் மேடம்."

அவனைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பசையை அவன் என் கதவிலேயே துடைத்தான். நான் ஒரு ஈரத்துணியால் துடைத்தேன், துணியைத் தூர எறிந்தேன், கையைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். என் எண்ணெய். என் பிள்ளையை உள்ளே வைத்து அடைத்தது கடைக்காரன் வாயும் கம்பெனி எழுத்தும் மட்டும் இல்லை, என் கோழியிறகும்தான். ஒன்றரை வருடமாகத் தெருவுக்குக் காட்ட ஒரு பளபளப்பான பூட்டை வைத்துக்கொண்டு, பின்னால் பெயிண்ட் ஒட்டிய துருவை ஜன்னல் என்று நம்பியிருக்கிறோம். அது எப்போது வேண்டுமானாலும் கையோடு வரும் என்று தெரிந்த ஒரே ஆள், முப்பத்தைந்து நிமிடத்துக்கு எங்களிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

சாதாரணப் பூட்டு ஒன்றை மாட்டினோம். மூன்று சாவி. ஜன்னலுக்குப் புதுக் கம்பி. கணவரிடம், இனிமேல் கடலுக்குச் சாவி போகாது என்று சொன்னேன். சரி என்றார்.

மூன்றாவது சாவியை அக்காவிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு?"

"நாலு மணிக்கு நீங்க இருந்தா எனக்கு நிம்மதிக்கா."

"நாளைக்கு ஒரு தோடு காணலைன்னா எம் பேருதான் வரும். முன்ன சாவி வச்சிருந்தேன், அப்ப நீங்க கேக்கல. இப்ப ஒருக்கா கேட்டாச்சில்லா. இனி வேண்டாம்."

மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டும்," என்றார், சாவியை வாங்காமல். "பிள்ளைய வேணும்னா எங்க வீட்டுக்கு அனுப்புங்க. நாலு மணிக்கு நான் அங்கனதான் இருப்பேன். உங்க வேலைய அவளக் கூட்டிட்டு வந்து பாக்கேன்."

இப்போது வேன் மகளை இரண்டு தெரு தள்ளி, அக்கா வீட்டு முனையில் இறக்கிவிடுகிறது. எங்கள் வீட்டு வேலையை முடித்துவிட்டு இரண்டு பேரும் அங்கே திரும்பியிருப்பார்கள், ஆறரைக்கு நான் போகிறேன். ஆறு வருடத்தில் அந்த வீட்டுக்குள் நான் போனதே இல்லை. தகரக் கதவு. உள்ளிருந்து ஒரு கம்பி வளையத்தை ஆணியில் மாட்டினால் அது பூட்டு. முதல் நாள் அதைப் பார்த்ததும், இந்தக் கதவை ஒரு நாய் தள்ளினாலே திறக்குமே என்று நினைத்தேன். நினைத்த வேகத்தில் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

நேற்றும் போனேன். மகள் தரையில் கவிழ்ந்து படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பம்ப் டிவிக்கு மேல் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது.

"வந்துட்டாங்க பாரு போலீசு," என்றார் அக்கா அவளிடம்.

"அம்மா, இன்னும் ரெண்டு கணக்குதான்."

போன் அதிர்ந்தது. கணவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். வேறு கம்பெனிப் பூட்டு, கடல் காற்றுக்கென்றே செய்ததாம், உள்ளே சிக்கினால் தானாகத் திறந்துவிடுமாம். விலையும் போட்டிருந்தது. கீழே, என்ன சொல்லுத என்று கேட்டிருந்தார். பதில் போடவில்லை. போனைப் பைக்குள் கவிழ்த்துப் போட்டுவிட்டு, நிலையில் சாய்ந்து நின்றபடி அவள் மூச்சைக் கேட்டேன். விசில் இல்லை. மறுபடியும் கேட்டேன்.